முழுசா சொல்லுங்க

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அண்ணியை நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடவிட்டது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. போனில் இரண்டே இரண்டு வார்த்தைதான் சொன்னேன். அதில் எழுத்துப் பிழையோ இலக்கணப் பிழையோ எதுவும் கிடையாது. பன்னிரண்டு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் நான், இதையாவது என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

அண்ணி தபால்காரி. பதினேழு வருடச் சர்வீஸ். அவள் வேலையில் சேர்ந்து சில வருடத்தில் தந்தி அனுப்புவதை நிறுத்தினார்களாம். இவள் நடக்கிற வேகத்தைப் பார்த்த மூத்த தபால்காரர் ஒருவர், "தந்தியை நிறுத்திட்டாங்கன்னு யார் சொன்னது, இதோ போகுதே" என்றிருக்கிறார். அன்றிலிருந்து ஆபீஸில் அவளுக்குப் பேர் தந்தி. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு எங்கேயும் அவளுடைய சொந்தப் பேர் புழங்குவதில்லை.

ஒரு தபால்காரர் தினமும் சுற்றி வருகிற தெருக்களுக்குப் பீட் என்று பெயர். அண்ணியின் பீட் பதினாலு கிலோமீட்டர். அறுநூற்றுப் பன்னிரண்டு வாசல், இரண்டு பள்ளிக்கூடம், ஒரு மர அறுப்புப் பட்டறை, ஒன்பது நாய். ஒன்பதில் மூன்றுக்குத்தான் மரியாதை கொடுப்பாள். எந்த கேட்டைத் தூக்கித் தள்ள வேண்டும், எந்த வீட்டுக்காரி ஈரக் கையோடு வந்து கையெழுத்துப் போட்டு மையைக் கரைப்பாள், எந்த வீட்டு மாமனாருக்குக் கடிதம் வராத நாளில் மின்சாரச் சீட்டையாவது நீட்ட வேண்டும், எல்லாம் அத்துப்படி. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாதிப் பேச்சு அந்தத் தெருக்களைப் பற்றித்தான் இருக்கும். எங்கள் வீடு என்றால் அண்ணன், அண்ணி, நான். நான் ஏன் அவர்களோடு இருக்கிறேன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.

போன வருடம் மழை ஈரத்தில் ஒரு குடியிருப்பின் படியில் வழுக்கி விழுந்தாள். இடது மூட்டுச் சில்லில் விரிசல். அண்ணன் போய்ச் சேர்ந்தபோது சிதறிக் கிடந்த கடிதங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் அறுபத்தி மூணு பாக்கி இருக்கு" என்று சொன்னாளாம். கால் போச்சே என்று ஒரு வார்த்தை வரவில்லை.

அதற்கப்புறம் தபால் பிரிக்கிற மேஜையில் உட்காரவைத்துவிட்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மற்றவர்களின் தெருக்களை எடுத்து அலமாரியில் மற்றவர்களின் அறைகளில் போட வேண்டும். அவளுடைய பீட்டைத் தற்காலிகமாக வேறொருவர் பார்த்துக்கொண்டார். மூன்று மாதத்துக்கு முன்னால் இலாகா டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று எழுதிவிட்டார். அடுத்த பரிசோதனைதான் கடைசி. அதிலும் தேறாவிட்டால் பீட் அந்தத் தற்காலிகக்காரருக்கே நிரந்தரம், ஓய்வு பெறும் வரை அண்ணிக்கு மேஜை. போஸ்ட் மாஸ்டர் இதை ரொம்பத் தன்மையாகச் சொன்னாராம். அவர் கத்தியிருந்தால் அண்ணி பதிலுக்குக் கத்தியிருப்பாள். தன்மையாகச் சொன்னதால் வீட்டுக்கு வந்து அழுதாள்.

அவளுடைய பயம் டாக்டரைப் பற்றியது மட்டுமல்ல. "டாக்டர் கையெழுத்துப் போட்டுடுவார்னே வெச்சுக்க. ரோட்ல போகும்போது பாதி வழியில மூட்டு கைவிட்டுட்டா? பையோட மறுபடியும் தெருவுல உட்காருவேனா?" என்று ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தடவை கேட்டாள். மூட்டு என்ற சொல் அந்த ஒரு வருடத்தில் எங்கள் வீட்டில் உப்பு என்ற சொல்லைவிட அதிகமாகப் புழங்கியது. இன்றைக்கு மூட்டு எப்படி, மூட்டு சத்தம் போடுகிறது, மூட்டு சூடாக இருக்கிறது, தொட்டுப் பார். வீட்டில் நாலாவது ஆளாக ஒரு மூட்டு குடியிருந்தது.

காலையில் நடக்க ஆரம்பித்தாள். அப்புறம் மெதுவாக ஓடினாள். ஒரு நாள் விளம்பரத் தட்டியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். ஊரில் மாரத்தான் நடக்கிறது, முழு மாரத்தான், அரை மாரத்தான், கால் மாரத்தான் என்று மூன்று வகை. கால் என்றால் பத்தரைக் கிலோமீட்டர்.

"நான் கால் ஓடப்போறேன்" என்றாள்.

"காலாலதான் ஓடணும், வேற எதால ஓடுவ?" என்றார் அண்ணன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பாதிக் கட்டடங்களில் ஆட்களை மேலே ஏற்றி இறக்குவது அவர் தயவில். நாங்கள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடி. இதைப் பற்றி யார் கேட்டாலும் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கால் ஜோக்கை அவர் ஆறு வாரம் விடாமல் சொன்னார். பால்காரரிடம்கூடச் சொன்னார்.

அண்ணிக்கு ஆபீஸில் போன் பேச நேரமில்லை என்பதால் பேர் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அச்சகத்தில் பெரிய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். பேர், முகவரி எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு என்ன அவசரமோ, "முழுசா அரையா காலா" என்று மூச்சுவிடாமல் கேட்டிருக்கிறார். என் காதில் விழுந்தது வெறும் சா, யா, லா. எனக்கு மென்று விழுங்கிப் பேசுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு, "முழுசா சொல்லுங்க" என்றேன்.

"முழுசு. சரிங்க மேடம். வயசு?"

"நாற்பத்தி நாலு."

"பரவாயில்லையே" என்றார். அண்ணியின் வயதைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு நன்றி வேறு சொன்னேன்.

ஓட்டத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை, எண் அட்டை வாங்க மூவரும் போனோம். மேஜையில் இருந்த பெண் அண்ணியிடம் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் கையிலெல்லாம் பச்சை. அண்ணி கேட்டதற்கு, "சிவப்பு முழு மாரத்தான் மேடம், பச்சைதான் கால்" என்றாள் அவள். தப்பாக இருக்கிறது என்றோம். பட்டியலைப் பார்த்தாள், தப்பில்லை. மாற்றுவதற்கான கெடு போன வாரமே முடிந்துவிட்டது. சிவப்பு அட்டையோடு பச்சை வழியில் ஓடினால் கணக்கில் வராது.

முழு என்ற சொல்லைக் கேட்டதும் அந்த போன் பேச்சு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் ஓட வேண்டியவளோ பக்கத்தில் நிற்கிறாள். "அண்ணி, நான் முழுசா சொல்லுங்கன்னு சொன்னேன். அவர் முழுசுன்னு எழுதிட்டார் போல" என்றேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

அண்ணி திட்டவில்லை. எங்கள் வீட்டில் திட்டு என்பது காற்று மாதிரி, தண்ணீர் மாதிரி. குழாயைச் சரியாக மூடாததற்கே மூன்று நிமிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இதற்கு ஒன்றுமே இல்லை. சிவப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எட்டு மணி நேரம் டைம்னு போட்டிருக்கே, அது நிஜமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். நிஜம்தான் என்றதும் வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"மூணு பீட்" என்றாள்.

"என்னது?" என்றார் அண்ணன்.

"பதினாலு, பதினாலு, பதினாலு. மூணு பீட். ஒரு தடவை ஆள் வரலைன்னு ரெண்டு பீட் சேர்த்துப் பாத்திருக்கேன்ல."

"அது ரெண்டு. இது மூணு. அதுவும் மூட்டு ஒடையறதுக்கு முந்தி."

"அன்னைக்குத் தோள்ல பை இருந்துச்சு. நாளைக்குப் பை இல்ல."

வீடு வரைக்கும் இருவரும் கெஞ்சினோம். புதன்கிழமை பரிசோதனை இருக்கிறது, இந்த வம்பு எதற்கு என்றோம். அண்ணி ஒற்றைக் காலில் நின்றாள். "டாக்டர் என்ன கேப்பார்? பன்னெண்டு படி ஏறி எறங்கச் சொல்வார். அது பச்சக் கொழந்தைகூடச் செய்யும். எனக்கு வேண்டியது வேற. மூட்டு எங்க விடுதுன்னு பாக்கணும். விட்டா நாளைக்கே விடட்டும், மேஜையில போய் உட்கார்ந்துக்கறேன். விடலைன்னா அதுக்கப்புறம் அதைப் பத்தி நான் பேசவே மாட்டேன்."

விடிவதற்குள் கிளம்பினாள். அண்ணனும் நானும் வண்டியில் குறுக்கு வழியாகப் போய் அங்கங்கே நின்று தண்ணீரும் வாழைப்பழமும் நீட்டினோம். முதல் பதினாலில் மற்றவர்களோடு சேர்ந்து குடுகுடுவென்று ஓடினாள். இரண்டாவது பதினாலில் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. அவள் அந்த ஊர்ச்சாலையில் ஓடவே இல்லை. மனதுக்குள் தன்னுடைய பீட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். பதினெட்டாவது கிலோமீட்டரில் எங்களைப் பார்த்ததும், "ரெண்டாவது ரவுண்டு, பெரிய பள்ளிக்கூடம் தாண்டியாச்சு" என்றாள். ஒரு காலி மைதானத்தைத் தாண்டும்போது ஓரமாக ஒதுங்கி நடந்தாள். அவள் கணக்குப்படி அங்கே ஒரு நாய் இருந்திருக்க வேண்டும். அதுவும் மரியாதைக்குரிய மூன்றில் ஒன்று.

முப்பதைத் தாண்டியபோது கடைசியில் நாலைந்து பேர்தான் மிச்சம். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெரியவர் நாக்குத் தள்ளிக்கொண்டு அண்ணியோடு ஒட்டிக்கொண்டார். "இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்று அவர் கேட்க, அண்ணி யோசித்து, "முன்னூத்தி நாப்பது வீடு" என்றாள். அவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். பாவம், வெயிலில் இந்தம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். ஆனால் அதற்கப்புறம் அவரும் வீடு வீடாக எண்ண ஆரம்பித்துவிட்டார் என்பதை என் காதால் கேட்டேன்.

நாற்பத்திரண்டு என்று எழுதிய பலகை வந்ததும் அண்ணி நின்றுவிட்டாள். மூன்று பீட் முடிந்தது, அவள் கணக்கில் வேலை முடிந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "நிக்காத, இன்னும் நூத்தித் தொண்ணூத்தஞ்சு மீட்டர் இருக்கு" என்று அண்ணன் வண்டியிலிருந்தே கத்தினார்.

"அது எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும், யாரோ வெச்சிருக்காங்க."

"ரிஜிஸ்டர் தபாலோட போனா, ஆள் வீட்ல இல்ல, அப்புறம் வாங்கன்னு சொல்ற மாதிரி" என்று திட்டிக்கொண்டே மறுபடி ஓடினாள். ஏழு மணி நேரம் நாற்பத்தியோரு நிமிடத்தில் கோட்டைத் தாண்டினாள். வளைவுத் தோரணத்தின் ஒரு காலை அதற்குள் கழற்றிவிட்டிருந்தார்கள். மஞ்சள் தொப்பிக்காரர் அவள் பின்னாலேயே வந்து விழுந்தார். பதக்கம் மாட்டிவிட்ட பெண்ணிடம் அண்ணி உள்ளங்கையை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க" என்றாள். பதினேழு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணும் எதுவும் கேட்காமல் பேனாவை எடுத்து உள்ளங்கையில் போட்டுவிட்டாள்.

அதோடு அண்ணிக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. சான்றிதழ் எப்போது தருவீர்கள் என்று அண்ணன் கேட்டார். பத்து நாளில் தபாலில் வரும் என்றார்கள். தபாலில் என்றதும் அண்ணி நடைபாதையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. மூவருக்கும் தலைகால் புரியவில்லை. எனக்கு முதல் நாளிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. என் தப்பு நல்லதாகவே முடிந்துவிட்டது என்று நம்பினேன். ஓடுவதைப் பற்றி ஆளாளுக்கு அறிவுரை சொல்லியிருந்தார்களே தவிர, மறுநாளைப் பற்றி ஒருவரும் வாய் திறந்திருக்கவில்லை.

சிரித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கினோம். நாலு மாடி ஏற நாற்பது நிமிடம் ஆனது. ஒவ்வொரு மாடியிலும் அண்ணன் மாடி எண்ணை அறிவித்தார், அவருக்கு அது தொழில். வீட்டுக்குள் வந்ததும் ஆறு முட்டை சாப்பிட்டாள். ஏழாவது கையில் இருக்கும்போதே தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால் அண்ணி கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு தன் கால்களோடு பேசிக்கொண்டிருந்தாள். "நான் சொல்றேன், இதுங்க கேக்கல" என்றாள். இரண்டு தொடையும் மரக்கட்டை. கட்டைவிரல் நகம் ஒன்று கருத்துப்போயிருந்தது. உட்கார வேண்டுமென்றால் நாற்காலியைக் குறிபார்த்துப் பின்னால் அப்படியே விழ வேண்டியிருந்தது. குளியலறைக் கதவின் கைப்பிடியில் அண்ணன் லிஃப்ட் பெல்ட் ஒன்றைக் கட்டிக்கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு இறங்குவதும் ஏறுவதுமாக, உள்ளேயிருந்து அண்ணி அம்மாவையும் அப்பாவையும் வரிசையாகக் கூப்பிட்டாள். ஆபீஸுக்கு இரண்டு நாள் லீவு சொன்னோம்.

தெருமுனை மருந்துக்கடைக்காரரைப் போய்க் கேட்டேன். "தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்க. நல்லாத் தூங்கட்டும். வீட்டுக்குள்ள மெதுவா நடக்கட்டும். அழுத்தித் தேய்க்காதீங்க. நாலஞ்சு நாள்ல சரியாயிடும்" என்றார்.

"புதன்கிழமைக்குள்ள?"

"மூணாவது நாள்தான் வலி உச்சத்துல இருக்கும்" என்றார், என்னவோ நல்ல செய்தி சொல்கிற மாதிரி. விரல் விட்டு எண்ணினேன். செவ்வாயா புதனா என்று எப்படி எண்ணினாலும் புதன் தப்பவில்லை. பன்னிரண்டு படி, பச்சைக் குழந்தைகூடச் செய்யும் பன்னிரண்டு படி. மூட்டு சரியாகிவிட்டது என்று நிரூபிக்க ஓடிவிட்டு, டாக்டர் முன்னால் நொண்டிக்கொண்டு போய் நிற்கப்போகிறாள். நொண்டினால் அவர் மூட்டைத்தான் பார்ப்பார். பீட் போச்சு. என் இரண்டு வார்த்தையால் போச்சு. மருந்துக்கடை வாசலிலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணிக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க நான் வேண்டுமென்றே குழாயைத் திறந்து வைத்தேன், பாலைப் பொங்கவிட்டேன். எதற்கும் அசையவில்லை. "பரவாயில்ல, விடு" என்றாள். திட்டுகிறவள் பரவாயில்லை என்று சொன்னால் அதைவிடத் தண்டனை வேறு இல்லை. அண்ணன் மட்டும் மருந்துக்கடைக்காரரின் பேச்சை மதிக்காமல் எண்ணெயோடு வந்து தொடையை அழுத்தினார். அண்ணியின் வலது கால் துள்ளி அவர் நெஞ்சில் ஒரு உதை விட்டது. "வேலை செய்யுது" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. மாடிப்படியில் இறங்கிப் பழகலாம் என்று மூவரும் வாசலுக்கு வந்தோம். ஏறுவது எப்படியோ முடிந்தது. இறங்குவதுதான் கொலை. முதல் படியிலேயே அண்ணி கண்ணில் நீர். "ஏத்துறது மோட்டார் வேலை, எறக்குறது பிரேக் வேலை. உனக்கு மோட்டார் நல்லா இருக்கு, பிரேக்தான் தேஞ்சுபோச்சு" என்றார் அண்ணன். அவருக்குப் பதில் சொல்ல அண்ணி திரும்பினாள், திரும்பிய வாக்கில் ஒரு கால் பின்பக்கமாகக் கீழ்ப்படியில் போய் விழுந்தது. அலறப்போகிறாள் என்று காதைப் பொத்தினேன். அலறவில்லை. இன்னொரு படி பின்பக்கமாக இறங்கினாள். இன்னொன்று. எங்களைப் பார்த்தபடியே, சிரித்துக்கொண்டு, மூன்றாவது மாடி வரை போய்விட்டாள்.

"வலிக்கல" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அன்று சாயங்காலம் முழுக்க ஒத்திகை. கைப்பிடியை லேசாகத் தொட்டுக்கொண்டு, ஏதோ பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இறங்குகிறவள் போலச் சகஜமாக இறங்க வேண்டும். டாக்டர் ஏன் என்று கேட்டால்? பதிலை அண்ணன் தயாரித்தார். நாய் உள்ள வீடுகளில் நாய்க்கு முதுகைக் காட்டாமல் இறங்கி இறங்கித் தபால்காரர்களுக்கு இதுவே பழக்கம். கேட்க நம்பும்படியாகத்தான் இருந்தது. அண்ணி பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது மாடிக்காரர் கதவைத் திறந்து, பின்பக்கமாக இறங்கிவரும் தபால்காரியையும், எதிரில் நாயாக நடித்துக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்கையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

புதன்கிழமை நான்தான் கூடப் போனேன். இலாகா மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் டாக்டரின் அறை, அறை வாசலிலேயே மாடிப்படி. ஐம்பது வயது டாக்டர், மூக்கு நுனியில் கண்ணாடி. அண்ணியைப் படுக்கவைத்து இடது மூட்டை மடக்கினார், நீட்டினார், சில்லை அமுக்கினார், ம் கொட்டினார். அப்புறம் படியைக் காட்டினார். நர்ஸ் கையில் படிவத்தோடு நின்றாள்.

அண்ணி வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஏறினாள். மேலே போய் மூச்சு வாங்கினாள். பிறகு, ஒத்திகை பார்த்தபடியே, நிதானமாக முதுகைத் திருப்பிக்கொண்டு இறங்கிவந்தாள். அழகாக இருந்தது. எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது.

"என்னம்மா, ரிவர்ஸ்ல வர்றீங்க?" என்றார் டாக்டர்.

"நாய் டாக்டர்" என்று ஆரம்பித்தாள் அண்ணி. "நாய் இருக்கிற வீட்ல..." அதற்கு மேல் போகவில்லை. உதடு துடித்தது. நேற்று நாலு காலில் நின்ற அண்ணன் கண்முன்னால் வந்திருப்பார். பொத்திக்கொண்டு வந்த சிரிப்பு வெடித்துவிட்டது. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொய் டாக்டர். தொடை புடிச்சிருக்கு. ஞாயித்துக்கெழமை மாரத்தான் போனேன்" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"காலா, அரையா?"

"முழுசு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மூட்டை வெச்சுக்கிட்டா? யாரு உங்களைப் போகச் சொன்னது?"

அண்ணி என்னைக் கைகாட்டினாள். டாக்டர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். நான் நர்ஸின் செருப்பைப் பார்த்தேன்.

"ஒரு தடவை முகத்தை இந்தப் பக்கம் வெச்சு எறங்குங்க" என்றார் கடைசியில். "பின்பக்கமா எறங்கினதை நான் எழுத முடியாது. மூட்டு வலிச்சா எங்கிட்ட சொல்லுங்க, அதோட நிறுத்திக்கலாம். தொடை வலிச்சா எங்கிட்ட சொல்ல வேண்டாம்."

"யார்கிட்ட சொல்றது?"

"அனுப்பி வெச்சாங்களே, அவங்ககிட்ட."

அண்ணி மறுபடி ஏறினாள். மேல்படியில் நின்று என்னைப் பார்த்தாள். நான் கடைசிப் படிக்குக் கீழே, அவள் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டேன். முதல் படியில் காலை வைத்தாள்.

"உன் காதுல என்ன பஞ்சா வெச்சிருந்த?" என்றாள்.

நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்தது இறங்க ஆரம்பித்தது. இரண்டாவது படி: "பிழை திருத்துறாளாம் பிழை. மொதல்ல உன் வாயைத் திருத்து." மூன்றாவது படி: "கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லேன்டி, அதென்ன முழுசா." நாலாவது படியில் வெறும் "அம்மா" என்றாள். "அது திட்டு இல்லீங்க" என்றாள் நர்ஸ். "இரும்மா, மூச்சு வாங்கிக்கறேன்" என்றுவிட்டு அண்ணி தொடர்ந்தாள். ஊரில் எல்லாருக்கும் நாத்தனார் வாய்க்கிறாள், தனக்கு எமன் வாய்த்திருக்கிறான். பாலைப் பொங்கவிட்டதை அவள் கவனிக்காமல் இல்லை. குழாயையும் கவனித்தாள். அந்த மெஷின் சத்தத்தில் பேசாவிட்டால் குடியா முழுகிவிடும். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாயிலிருந்து திட்டு கொட்டுகிறது, நடுவில் சிரிப்பு வேறு. நானும் அழுதுகொண்டே சிரித்தேன். வாழ்நாளில் திட்டு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பதினொன்றாவது படி வரை அவளுக்குச் சரக்குத் தீரவில்லை.

பன்னிரண்டாவது படியில் கொஞ்சம் நின்றாள். பிறகு என் தோளில் மொத்தப் பாரத்தையும் போட்டுத் தரையில் இறங்கினாள். "நீ ஒழுங்கா கேட்டுத் தொலைச்சிருந்தா நான் பத்தோட நின்னிருப்பேன்" என்று காதருகில் சொன்னாள். இது திட்டா என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

டாக்டர் படிவத்தை நர்ஸிடமிருந்து வாங்கிக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். "மூட்டு எப்படி இருந்துச்சு?"

"எது?" என்றாள் அண்ணி.

"மூட்டும்மா. இடது மூட்டு."

அண்ணி குனிந்து தன் மூட்டைப் பார்த்தாள். அங்கே அப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்த மாதிரி பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். ஒரு வருடமாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே இருந்ததில்லை.

"மறந்தே போயிட்டேன் டாக்டர்" என்றாள்.

டாக்டர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.